இராமநாதபுரம் கடலோரத்தில் சிறு சூரிய மின் நிலையம்: புதிதாக அமைப்போருக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரை நீளும் கடலோரத்தில், தம் வீட்டு மாடியில் சூரிய மின் நிலையம் அமைக்க விரும்புகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது வெயில் போதுமா என்பதைத்தான். இந்த மாவட்டத்தில் அது கவலைப்பட வேண்டிய கேள்வியே அல்ல. ஒரு கிலோவாட் திறனுள்ள பேனல்கள் இங்கே ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் மின்சாரம் தரும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது குறைந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கூடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உப்புக் காற்றில் இரும்புத் தாங்கிகள் எத்தனை ஆண்டு நிற்கும்? புயலடித்தால் பேனல்கள் இருந்த இடத்தில் இருக்குமா? அவற்றைக் கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மதுரையிலோ திருச்சியிலோ நன்றாக ஓடும் அதே பொருளை அதே முறையில் பாம்பனில் பூட்டினால், பேனல் கெடுவதற்கு வெகு முன்பே அதைத் தாங்கும் போல்ட்டும் நட்டும் கெட்டுவிடும். ஆகவே இந்தக் கட்டுரை, 1 முதல் 10 கிலோவாட் வரையிலான வீட்டு நிலையங்களை மனத்தில் கொண்டு, கடலோரத்துக்கே உரிய செய்திகளில் கூடுதலாக நின்று, எல்லா ஊருக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாகக் கடந்து செல்கிறது.

நிலையத்தின் உறுப்புகள்

மாடியில் உள்ள பேனல்கள் நேர்மின்சாரம் தருகின்றன. இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றுகிறது. வீட்டின் தேவைக்கு மேல் வருவது மின்வாரியக் கம்பிக்குச் செல்கிறது. இரவில் வாரியத்தின் மின்சாரம் வீட்டுக்கு வருகிறது. போனதையும் வந்ததையும் நெட் மீட்டர் பதிவு செய்கிறது. இவற்றோடு இன்வெர்ட்டரின் இரு பக்கமும் ஒவ்வொரு பாதுகாப்புப் பெட்டி, எர்த் இணைப்புகள், இடிதாங்கி ஆகியவை சேர்ந்தால் நிலையம் முழுமை பெறுகிறது.

புதியவர்கள் பலர் பணம் கட்டிய பின்பே அறிந்து ஏமாற்றமடையும் செய்தி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் சாதாரண நிலையம், மின்தடை ஏற்பட்ட நொடியில், நண்பகல் வெயிலாக இருந்தாலும், தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. மின்தடையின்போதும் விளக்கும் மின்விசிறியும் வேண்டும் என்றால், மின்கலத்தோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும்; செலவு கணிசமாகக் கூடும். புயல் காலத்தில் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்த அனுபவமுள்ள ஊர்களில் இந்த ஆசை இயல்பானது. ஆனால் வீடு முழுவதற்கும் மின்கலம் வாங்குவதைவிட, இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, கைபேசி ஆகியவற்றுக்கு மட்டும் சிறிய மின்கலம் வைத்துக்கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

முதல் படி: மின் கட்டண அட்டையைப் படித்தல்

எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதை விற்பனையாளர் சொல்வதற்கு முன் நாமே தெரிந்துகொள்ள வேண்டும். கடந்த ஓராண்டின் ஆறு கட்டணப் பட்டியல்களையும் எடுத்து, ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் எத்தனை யூனிட் செலவாகியிருக்கிறது என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான சலுகையின் ஒரு பகுதியும் கைவிட்டுப் போகிறது. எனவே சூரிய மின்சாரத்தின் உண்மையான ஆதாயம், விலை மிகுந்த மேல்படி யூனிட்டுகளை அகற்றுவதில்தான் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே 2 கிலோவாட் நிலையம் நாளொன்றுக்கு 8 யூனிட் வீதம் 60 நாளில் ஏறத்தாழ 480 யூனிட் தரும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், பணம் கட்ட வேண்டியது 400 யூனிட்டுக்கு மட்டுமே. ஆக 2 கிலோவாட்டே அந்த வீட்டுக்குத் தாராளம். அதே வீட்டில் அரசு மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக 3 கிலோவாட் போடச் சொல்வோர் உண்டு. மிஞ்சும் மின்சாரத்துக்குக் கணக்கு முடிவில் கிடைக்கும் தொகையை நம்பி அப்படிச் செய்வது சரியான கணக்கு அல்ல. மாறாக, 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் சிறு வீட்டுக்கு, போட்ட பணம் திரும்ப நெடுங்காலம் ஆகும்; அவர்கள் காத்திருப்பதில் தவறில்லை. ஓரிரு ஆண்டில் குளிர்சாதனக் கருவியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டண அட்டையில் குறித்துள்ள அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் பாருங்கள். நிலையத்தின் திறன் அதைவிடக் கூடுதலானால், மின்பளுவை உயர்த்தும் வேலையும் உடன் வரும். மாடி நிலையத்துக்குக் கட்டமைப்புக் கட்டணம் (மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) உங்கள் இணைப்பு வகைக்கு எவ்வளவு என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டால் கணக்கு நிறைவு பெறும்.

இரண்டாம் படி: மாடியை ஆராய்தல்

1 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். இப்போது பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் கொண்டது. 28 கிலோ அளவில் எடையிருக்கும். ஆறு பேனல் சேர்ந்தால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல்.

நிழல் என்றதும் பக்கத்து வீட்டு மாடியையும் தண்ணீர்த் தொட்டியையும் மட்டுமே பலர் பார்க்கிறார்கள். இந்தப் பகுதியில் பனையையும் தென்னையையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பனைமரத்தின் தலை, மாலை மூன்று மணிக்கு இரண்டு பேனல்கள் மீது நிழல் வீழ்த்தினால்கூட, தொடராக இணைத்த வரிசை முழுவதன் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என மூன்று வேளையும் மாடியில் நின்று நிழலைச் சாக்பீஸால் குறிப்பது எளிய, செலவில்லாத சோதனை. டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால் தெற்கிலுள்ள மரத்தின் நிழல் நீளும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இராமேசுவரம் வட அட்சம் 9 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது; இடைப்பட்ட மாதங்களில் வடபுறம் சாய்ந்து செல்கிறது. ஆகவே பேனல்களைத் தெற்கு நோக்கி 10 பாகை அளவு சாய்த்தால் போதும். மழைநீர் தேங்காமல் வழிந்தோடவும் அந்தச் சாய்வு உதவும். வட மாநிலப் படங்களைப் பார்த்துவிட்டு 25 பாகை நிமிர்த்தினால் மின்சாரம் அதிகமாகக் கிடைக்காது. காற்றின் வேகத்துக்குப் பேனலைப் பாயாக விரித்துக் கொடுத்ததாகவே முடியும்.

அடுத்து தளத்தின் நலம். கடல் மணலில் கட்டிய பழைய வீடுகளில் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, கூரையின் அடிப்பூச்சை உதிர்க்கும். அறைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். விரிசல், பழுப்புக் கறை, உதிர்ந்த பூச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், முதலில் தளத்தைச் சீர் செய்யுங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும் பொருள். தளம் அதற்கு முன் போய்விட்டால் எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் பூட்டும் செலவு நம்முடையதுதான். ஓட்டு வீட்டிலும் சிமெண்ட் ஷீட் கூரையிலும் புயற்காற்றுக்குத் தாக்குப்பிடிக்குமாறு பூட்டுவது கடினம். அத்தகைய வீட்டார் பொறியாளர் ஒருவரின் எழுத்துபூர்வமான கருத்தைப் பெறாமல் இறங்க வேண்டாம்.

மூன்றாம் படி: பொருள்களைத் தேர்தல்

கடலோரத்தில் பணத்தைச் செலவிட வேண்டிய இடம் பேனலின் பெயர்ப்பலகை அல்ல, தாங்கியும் இணைப்புகளும்தான். மண்டபம் போல் வடகடலும் தென்கடலும் இருபுறமும் நெருங்கி நிற்கும் ஊர்களில் எந்தக் காற்று வீசினாலும் உப்பு வந்தே தீரும். காரைக்குடியில் உள்ள மத்திய மின் வேதியியல் ஆய்வகம் கடற்காற்று உலோகங்களை அரிப்பதை ஆராய மண்டபத்தில் ஒரு கள நிலையம் வைத்திருப்பதே இந்தக் காற்றின் கடுமைக்குச் சான்று.

கடையில் கிடைக்கும் சாதாரண ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை) வாங்கி, மாடியிலேயே அறுத்து வெல்டிங் செய்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்துத் தரும் வேலை மிகப் பரவலானது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகிறது. பெயின்ட் அதை மறைக்குமே தவிரக் காக்காது. துரு முதலில் தொடங்குவது அங்கேதான். எனவே தாங்கியின் உறுப்புகளை அளவெடுத்து அறுத்து, துளையிட்டு, வெல்டிங் முழுவதையும் பட்டறையிலேயே முடித்து, அதன்பிறகே உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்து வர வேண்டும். மாடியில் போல்ட் பூட்டும் வேலை மட்டுமே நடக்க வேண்டும். பூச்சின் தடிமன் 80 மைக்ரான் அளவுக்காவது இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதை அளக்கும் சிறு கருவி உண்டு. கேட்டால் கொண்டு வந்து காட்டுவார்கள்.

போல்ட், நட்டு, வாஷர் மூன்றும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். அதிலும் 304 என்ற வகையைவிட, மாலிப்டினம் கலந்த 316 வகை உப்பை நன்கு தாங்கும். வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் இந்தச் சிறு கூடுதல் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பேனலின் அலுமினியச் சட்டமும் இரும்புத் தாங்கியும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் சேர்ந்தால், இரு உலோகங்களில் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையத் தொடங்கும். இடையே ரப்பர் அல்லது நைலான் தட்டை வைப்பதால் இது தடுக்கப்படுகிறது.

பேனலைப் பொறுத்தவரை ஐ.இ.சி. 61701 என்ற உப்புப் பனிச் சோதனையில் தேறியதற்கான சான்றைக் கேளுங்கள். உத்தரவாதத் தாளைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். கடலிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் பூட்டினால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை சில நிறுவனத் தாள்களில் சிறு எழுத்தில் இருக்கும். வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். பேனலின் திறன் 25 பாகை செல்சியஸில் அளக்கப்படுவது; கோடையில் மாடியில் அது 60 பாகையைத் தாண்டும். ஒரு பாகைக்கு 0.35 சதவீதம் அளவில் திறன் குறைவதால், கடும் வெயிலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பது இயல்பே. பேனலுக்கும் தளத்துக்கும் இடையில் காற்று புகும் இடைவெளி விட்டால் இழப்பு சற்றுக் குறையும்.

இடைவெளி வேண்டும் என்பதற்காக எட்டடி உயரத்தில் பந்தல் போட வேண்டியதில்லை. அடியில் துணி காயப்போடலாம், கருவாடு உலர்த்தலாம், நிழலாகவும் இருக்கும் என்று பலர் உயரப் பந்தலை விரும்புகிறார்கள். உயரம் கூடக் கூடக் காற்று அடியில் புகுந்து மேல்நோக்கித் தூக்கும் விசையும் கூடுகிறது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலை அறிந்த கரையில் இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று அடி உயரத்தில் நிறுத்துவதே இங்கே அறிவுடைமை. உயரப் பந்தல்தான் வேண்டும் என்றால் கூடுதல் கால்கள், குறுக்குச் சட்டங்கள், தூணோடும் உத்தரத்தோடும் இணையும் நங்கூரம் ஆகியவற்றுடன் பொறியாளரின் கணக்குத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டரை மாடியில் திறந்த வெளியில் மாட்டக் கூடாது. தூசியும் நீரும் புகாத ஐ.பி. 65 தரத்தில், உள்ளே மின்விசிறி வைத்துக் காற்றை இழுக்காத வகையைத் தேர்ந்து, வீட்டுக்குள்ளோ கடல் பார்க்காத சுவரில் நிழலிலோ மாட்டுங்கள். எர்த் விஷயத்தில் கடலோர மணல் இருவகையில் தொல்லை தரும்: காய்ந்த மணலில் மின்சாரம் எளிதாக இறங்காது, உவர் ஈரம் உள்ள இடத்தில் எர்த் கம்பி விரைவில் அரிக்கும். ஆதலால் செம்புப் பூச்சுள்ள கம்பியும் அதைச் சுற்றி ஈரம் காக்கும் கலவையும் இட்டு, நேர்மின் பக்கம், மாறுமின் பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனிக் குழி அமைக்க வேண்டும்.

நான்காம் படி: விண்ணப்பமும் மானியமும்

இது பெரிய மலையல்ல. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூர்யா கர் திட்டத்தின் தேசிய இணையத்தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கே பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய்தான். நிலையம் இயங்கத் தொடங்கிச் சரிபார்ப்பு முடிந்த பின்பே அது வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையையும் முதலில் நாம் ஏற்பாடு செய்தாக வேண்டும். இந்த மானியம் வீடுகளுக்கு மட்டுமே. கடைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் கிடையாது. உள்நாட்டில் செய்த பேனல்களுக்கே மானியம் என்பதையும், நிறுவியவர் ஐந்தாண்டு பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

நடைமுறையில் தாமதம் பெரும்பாலும் பெயரால்தான் வருகிறது. மின் இணைப்பு இன்னும் காலஞ்சென்ற அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும், விண்ணப்பம் மகன் பெயரில் போகும், அங்கே நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

மற்றொரு குறிப்பு, மாடிக்குப் பதிலாகத் தரையில் நிலையம் வைக்க எண்ணுவோருக்கு: உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதத்தின்போது கடல்நீர் ஏறும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரையுள்ள நிலத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தக்கூடும். பட்டா இருக்கிறது என்பது மட்டும் போதாது.

ஐந்தாம் படி: நிறுவும் நாளும் சோதனையும்

பூட்டும்போது உடனிருங்கள். தளத்தில் துளையிட்ட இடங்களில் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு இட்டார்களா, வயர் இணைப்பிகள் தளத்தில் கிடக்காமல் தூக்கிக் கட்டப்பட்டுள்ளனவா, எர்த்தின் தடை அளவு 5 ஓமுக்குக் கீழ் உள்ளதா என்பவற்றை நேரில் பாருங்கள். மின்பாதையின் கடைக்கோடியில் உள்ள தெருக்களில் நண்பகலில் பல வீடுகளின் சூரிய மின்சாரம் ஒன்றாகப் பாயும்போது மின்னழுத்தம் வரம்பு மீறி, இன்வெர்ட்டர் அடிக்கடி நிற்பதுண்டு. அதனால் சோதனையை மாலையில் முடித்துக்கொள்ளாமல், நல்ல வெயிலில் நடத்தச் சொல்லுங்கள். நெட் மீட்டர் பொருத்தி மின்வாரிய அலுவலர் பார்வையிட்ட பிறகே நிலையத்தை இயக்கலாம்.

பெரிய நிலையமும் சிறு நிலையமும்

இதே மாவட்டத்தின் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. அக்காலத்தில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரிய மின் நிலையங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. அதன் திறனுக்கு ஈடுகட்ட 3 கிலோவாட் வீதம் 2,16,000 வீடுகள் வேண்டும். ஆனால் அந்த வீடுகளுக்கு ஒரு ஏக்கர் புதிய நிலமும் வேண்டியதில்லை. கமுதியின் மின்சாரம் உயர் அழுத்தப் பாதையில் தொலைவுகளுக்குச் செல்கிறது. மாடியில் விளைவது அதே தெருவில் செலவாகிறது, ஆகவே வழியில் இழப்பதும் குறைவு. நிலக்கரி மிகுந்த நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், 3 கிலோவாட் வீட்டு நிலையம் ஆண்டுக்கு 3 டன் அளவில் அதைத் தவிர்க்கிறது.

தமிழ்நாட்டின் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை மிகுதியாகச் சுழல்கின்றன. சூரிய மின்சாரம் அதற்கு முந்தைய மாதங்களில் உச்சம் பெறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு நிரப்புகின்றன. நிரப்பாமல் நிற்பது மாலை ஆறு மணிக்குப் பிந்தைய தேவை. வீட்டார் தம் பங்குக்குச் செய்யக்கூடியது எளிது: தண்ணீர் மோட்டார், கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றை நண்பகலுக்கு மாற்றலாம்.

கழுவுதல், காத்தல்

விடியற்காலைப் பனியில் உப்புப் படலம் கரைந்து, அதன்மேல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கொண்டு வரும் மண்துகள் ஒட்டி, வெயிலேறும்போது காய்ந்து கெட்டியாகிறது. கடலோரத்தில் பேனல் அழுக்காவது இப்படித்தான். மழை பெய்யாத மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று உவர்நீரில் கழுவினால் அழுக்கு போய் வெள்ளைப் படிவம் வந்து உட்காரும். அது எளிதில் போகாது. கமுதியில் தண்ணீர்ச் சிக்கனத்துக்கெனத் தானியங்கித் துடைப்பான்கள் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு மழைநீர்த் தொட்டியே சிறந்தது. ஆறு பேனலுக்கு இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீரும் மென்மையான துடைப்பானும் போதும். சூரியன் ஏறும் முன் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் படுவது நல்லதல்ல. சோப்புத் தூள் வேண்டாம். காக்கை எச்சத்தை ஊறவைத்துத் துடையுங்கள், சுரண்டாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில், வாடை தொடங்குமுன் எல்லா போல்ட்டுகளையும் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். துரு தென்பட்ட இடத்தைத் தேய்த்துத் துத்தநாகப் பூச்சு இடுங்கள். இன்வெர்ட்டர் காட்டும் மாத உற்பத்தியைக் குறித்து வைத்து, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பேனலின் இயல்பான தேய்வு ஆண்டுக்கு அரை சதவீதம் அளவுதான்; பத்து சதவீதம் குறைந்திருந்தால் அழுக்கோ நிழலோ இணைப்புக் கோளாறோ இருக்கிறது என்று பொருள்.

புயல் எச்சரிக்கை வந்தால் இன்வெர்ட்டரை நிறுத்தி, இரு பக்கச் சுவிட்சுகளையும் அணைத்து, மாடியில் பறக்கக்கூடிய தகரம், பலகை, பூந்தொட்டி ஆகியவற்றை அகற்றுங்கள். பேனலைக் கழற்ற முயல வேண்டாம். புயல் ஓய்ந்த பின் மாடிக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: சுவிட்ச் அணைந்திருந்தாலும், கண்ணாடி நொறுங்கியிருந்தாலும், வெளிச்சம் பட்டால் பேனல் மின்சாரம் தரும். ஆறு பேனல் கொண்ட வரிசையில் அது 300 வோல்ட்டை எட்டும். அறுந்த வயரையோ சாய்ந்த பேனலையோ தொடாமல், சேதத்தைத் தொலைவிலிருந்து படம் எடுத்துக்கொண்டு, நிறுவியவரை அழையுங்கள். அவர் வயர்களின் காப்பு உறுதியையும் எர்த்தையும் அளந்து, அளவுகளை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த பிறகே நிலையத்தை மீண்டும் இயக்க வேண்டும். காப்பீடு எடுத்திருந்தால் இழப்பீடு கேட்கும்போதும் அந்தத் தாளும் படங்களும் வேண்டியிருக்கும்.